மீன் பெட்டிக்குள் ஆறாத சாம்பார்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய ஸ்டைரோஃபோம் (தெர்மாகோல்) மீன் பெட்டியைக் கழுவி, சூடு ஆறாமலிருக்க அதற்குள் சாம்பார்ச் சட்டியை வைப்பேன். ஆனாலும் மத்தியானத்துக்குள் வெதுவெதுப்பாகிவிடும். சட்டியைச் சுற்றியிருந்த காலி இடம்தான் வில்லன்: அங்கே காற்று சுழன்று, சூட்டை மூடி இடுக்குக்குக் கொண்டுபோகிறது. இடைவெளி முழுக்கப் பழைய துண்டுகளைத் திணித்தேன். மேலே ஒரு தலையணை. ஸ்டைரோஃபோம் 100 டிகிரி செல்சியஸ் அருகே இளகும் என்பதால் அடியில் தடித்த கார்க் பலகை கட்டாயம்.

சட்டி முக்கால்வாசிக்கு மேல் நிறைந்திருக்கட்டும். சூட்டைத் தேக்கி வைப்பது உள்ளிருக்கும் தண்ணீர்தான். அரைச்சட்டி சாம்பார் சீக்கிரம் ஆறும். மூடியோடு தளதளவெனக் கொதித்ததும் உள்ளே இறக்குவேன். இடையில் திறந்து பார்க்க மாமியாருக்குக்கூட அனுமதி இல்லை! 60 டிகிரிக்குக் கீழே கிருமிகள் பெருகத் தொடங்கும். அதனால் வெப்பமானியில் பார்த்த பிறகே பரிமாறுகிறேன்.