மணிக்கட்டில் கட்டும் மீயொலிப் பட்டையைப் பழகும் முறை

பார்வையற்றோர் கையில் பிடித்து நடக்கும் வெண்கோல் தரையைச் சொல்லும். இடுப்புக்கு மேலே இருப்பதைச் சொல்லாது. நடைபாதையில் தாழ்ந்து தொங்கும் வேப்பங்கிளையும், நிற்கும் லாரியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் கோலுக்கு அகப்படாமல் நேரே நெற்றியில் இடிக்கின்றன. அந்தக் குறைக்குத்தான் மணிக்கட்டில் கட்டும் மீயொலிப் பட்டை உதவுகிறது. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடும் அது, பொருள் நெருங்க நெருங்க விரைந்து அதிரும். 3 மீட்டருக்கு அப்பாலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஒலிக்கு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குகூட ஆவதில்லை.

பட்டையைக் கோல் பிடிக்காத கையில், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் உணரி முன்னோக்கி இருக்கும்படி கட்டிக்கொள்ளுங்கள். முழுக்கைச் சட்டையோ துப்பட்டாவோ உணரியை மறைத்தால் எதிரில் எதுவும் இல்லாதபோதும் அதிரக்கூடும்.

முதல் நாளே தெருவில் இறங்க வேண்டாம். வீட்டுக்குள் தொலைவு வரம்பைக் குறைத்து வைத்து, வெறுஞ்சுவரை நோக்கி மெல்ல நடந்து, அதிர்வு தொடங்கும் இடத்தில் நின்று, அங்கிருந்து சுவர்வரை எத்தனை காலடி என்று எண்ணுங்கள். எண்ணாமலே தெரியும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். பிறகு திறந்த கதவுக்கு எதிரே நின்று முன்கையை இடமிருந்து வலமாக நகர்த்தினால், சுவரில் அதிர்ந்து, வாசலில் அடங்கி, மறுபக்கச் சுவரில் மீண்டும் அதிரும். அடங்கும் இடமே வழி. இது கைவந்துவிட்டால், வரிசையில் முன்னால் நிற்பவர் நகர்ந்துவிட்டாரா என்றறிய அவர் முதுகைத் தொட வேண்டியதில்லை. என்னைக் கேட்டால், கிளையிலிருந்து தப்புவதைவிட இதுவே பெரிய பயன்.

தெருவில் கையை மார்பளவில் மடக்கி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். மூடியில்லாத சாக்கடையையும் கீழிறங்கும் படியையும் பட்டை காட்டாது. அங்கிருந்து எதிரொலி வராது, பட்டையின் மௌனத்தைப் பாதை என்று எண்ணிக் கால் வைத்தால் விழ நேரும். ஆகவே கோலை ஒருநாளும் வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். சாய்வாக நிற்கும் கண்ணாடி ஒலியை வேறு பக்கம் திருப்பிவிடும். கொடியில் காயும் கனத்த போர்வை அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வழி சொல்லக் கைப்பேசியையும் பயன்படுத்துவதானால், காதை அடைக்காமல் கன்ன எலும்பின் வழியே ஒலி கடத்தும் ஹெட்போனை அணியுங்கள். வண்டிச் சத்தம் கேட்டாக வேண்டும். ஜிபிஎஸ் சில மீட்டர் பிசகுவது இயல்பு. "வந்துவிட்டீர்கள்" என்று அது சொல்லும்போது கடை எதிர்ச்சாரியில் இருக்கலாம். அங்கே அருகிலிருப்பவரைக் கேட்டுவிடுவதே விரைவு.

இரவில் பட்டையைச் சார்ஜில் போடும் இடம், கோலை மாட்டும் ஆணிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.