டொராண்டோ – சென்னை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

டொராண்டோவின் பியர்சன் விமான நிலையத்துக்கும் சென்னை மீனம்பாக்கத்துக்கும் வான்வழியே மிகக் குறுகிய தூரம் சுமார் 13,400 கி.மீ. இதைவிட நீளமான சிங்கப்பூர் – நியூயார்க் தடத்தில் (15,300 கி.மீ.) நேரடி விமானம் பறக்கிறது, நமக்குத்தான் கொடுத்துவைக்கவில்லை. எங்காவது இறங்கி மாறித்தான் ஆகவேண்டும்.

எங்கே மாறினால் தூரம் மிச்சம் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். லண்டன் வழியாக 5,710 + 8,230, அதாவது 13,940 கி.மீ. துபாய் வழியாக 11,080 + 2,930, அதாவது 14,010 கி.மீ. வித்தியாசம் சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள தூரம்தான். பயணத்தை இழுப்பது நடுவில் காத்திருக்கும் நேரம்.

பறக்கும் நேரத்தை நீங்களே கணக்குப் போடலாம். விமானம் மணிக்கு சுமார் 900 கி.மீ. போகும் என்று வைத்து, தூரத்தை 900ஆல் வகுத்து, ஏற இறங்க ஒவ்வொரு விமானத்துக்கும் அரை மணி சேருங்கள். துபாய் வழியே ஏறக்குறைய பதினாறரை மணி வரும். திரும்பும்போது இந்தக் கணக்கு பொய்த்துப்போகும்: உயரே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் ஜெட் காற்று எதிர்ப்படுவதால் நீண்ட தடத்தில் ஒரு மணி நேரம்கூடக் கூடலாம்.

நடுவில் மூன்று மணி நேரம் இருந்தால் நிம்மதி. ஒன்றரை மணிக்குள் மாறும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும், டிசம்பர், ஜனவரியில் அதை எடுக்காதீர்கள். டொராண்டோவில் பனி கொட்டினால் இறக்கையில் மருந்து தெளித்து உறைபனியை நீக்கிய பிறகுதான் விமானம் நகரும். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் டெர்மினல் மாறவேண்டியிருந்தால் பேருந்தும் மறுபடி பாதுகாப்புச் சோதனையும் உண்டு. இரண்டு விமானமும் ஒரே முன்பதிவில் இருந்தால், தவறவிட்டாலும் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பாடு. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட்டின் காசு பெரும்பாலும் போனதுதான்.

தேதியில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சனி இரவு 10 மணிக்குக் கிளம்பி மொத்தம் 20 மணி நேரப் பயணம் என்றால், சென்னையில் இறங்குவது திங்கள் அதிகாலை 3.30. இது ஒன்பதரை மணி வித்தியாசமுள்ள கோடைக்காலக் கணக்கு. நவம்பரில் கனடா கடிகாரத்தைப் பின்னே தள்ளியதும் வித்தியாசம் பத்தரை, இறங்குவது 4.30. ஞாயிறு மாலை வரவேற்புக்குப் போகவேண்டியவர் வெள்ளி இரவே ஏறவேண்டும்.

சென்னையிலிருந்து மதுரை, தூத்துக்குடி என்று மேற்கொண்டு பறப்பவர்கள், பெட்டிக்கு டொராண்டோவிலேயே கடைசி ஊர்வரை சீட்டு ஒட்டியிருந்தாலும், சென்னையில் குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடி ஒப்படைக்கவேண்டும். நான்கு மணி இடைவெளி வையுங்கள். உள்நாட்டு டிக்கெட்டைத் தனியாக வாங்கினால் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. 23 கிலோப் பெட்டி இரண்டோடு நின்றால் மிச்சத்துக்குப் பணம் கட்டவேண்டிவரும்.

பேருந்தில் போகிறவர்கள் பழைய நினைப்பில் கோயம்பேட்டுக்கு டாக்ஸி பிடிக்காதீர்கள். தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. விமான நிலைய வாசலில் உள்ள ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கே, தாம்பரமும் வண்டலூரும் தாண்டினால் வந்துவிடும். நகருக்குள் நுழையவே வேண்டாம்.