குத்தகை பேப்பர்ல ஷரத்து எழுதுறது எப்படி

போன சம்பா அறுப்புக்கு எங்க சித்தப்பா பெல்ட் மெஷின் பேசுனாரு, மணிக்கு இவ்ளோன்னு ரேட் மட்டும்தான் பேச்சு, மெஷின் வர்ற வழியில பக்கத்து வயல் சேத்துல முக்கால் மணி நேரம் மாட்டிக்கிச்சு, அந்த முக்கால் மணிக்கு யாரு காசு குடுக்குறதுன்னு வரப்புலயே நின்னு ஒரே சண்டை. லாரியிலேர்ந்து எறக்குனதிலேர்ந்து மணியா, கதிர்ல கத்தி பட்டதிலேர்ந்து மணியா? ரெண்டு பேருமே பொய் சொல்லல, ஆளுக்கு ஒரு மணி மனசுல வெச்சிருந்தாங்க.

குத்தகை பேப்பர்லயும் இதே கதைதான். யாரு, எப்போ, எவ்ளோ, செய்யலன்னா என்ன, இந்த நாலும் இருந்தாதான் அது ஷரத்து, நாலாவத எழுதச் சொன்னா "நமக்குள்ள எதுக்குப்பா அதெல்லாம்"னுடுவாங்க. "பொங்கலுக்குள்ள ஒரு மா நெலத்துக்கு ரெண்டு மூட்டை நெல்லு"ன்னு எழுதுறீங்க, சரி. மூட்டைன்னா 60 கிலோவா, கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பமா? ஈர நெல்லா, 17 சதவீத ஈரப்பதத்துக்குக் காஞ்சதா? மா 100 குழின்னு எல்லாருக்கும் தெரியும்தான், ஆனா பேப்பர்ல சர்வே நம்பரும் சென்ட் கணக்கும் இருக்கட்டும். 1872 ஒப்பந்தச் சட்டம் 29வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, அர்த்தம் நிச்சயமா இல்லாத, நிச்சயப்படுத்தவும் முடியாத ஒப்பந்தம் செல்லாது.

கார்த்திகையில மழை ஊத்தி பயிர் முழுகுனா குத்தகையில எவ்ளோ தள்ளுபடி, சேதத்தை யாரு வந்து பார்த்துச் சொல்றது, இதைக் கட்டாயம் எழுதுங்க, நம்ம பக்கம் முக்கால்வாசி தகராறு இங்கதான் வெடிக்கும்.

"ஒரு நாள் தவறுனா 50,000 அபராதம்"னு மிரட்டி எழுதுறதுல பெரிய பலன் இல்ல. அதே ஒப்பந்தச் சட்டம் 74வது பிரிவுப்படி எழுதுன தொகை உச்சவரம்பு மாதிரிதான், அதுக்குள்ள நியாயமான நஷ்ட ஈடு எவ்ளோன்னு கோர்ட்டு பார்க்கும்.

இன்னொண்ணு, நீங்க என்ன எழுதுனாலும் சட்டம் அதுக்கு மேல உக்காந்திருக்கு. "கேட்டா உடனே காலி பண்ணிடணும்"னு ஒரு வரியை நெல உடமைக்காரர் ஆசையா சேப்பாரு, ஆனா 1955 சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் இருக்கே, குத்தகை பாக்கி, நெலத்தைப் பாழாக்குறதுன்னு சட்டம் சொல்ற காரணம் இருந்து வருவாய் நீதிமன்றம் போனாதான் வெளியேத்த முடியும். 1956 நியாய குத்தகைச் சட்டப்படி உடமைக்காரர் பங்கும் விளைச்சல்ல 25 சதவீதம்தான். இந்தப் பயத்துலதான் பாதி பேரு பேப்பரே போடுறதில்ல, அது எனக்குப் புரியாம இல்ல, ஆனா அதனால உழுறவனுக்கு லோன், இன்சூரன்ஸ்னு எதுக்குப் போனாலும் இழுபறி. கோயில் நெலம்னா வேற சட்டம், அதை இதோட குழப்பிக்காதீங்க.

ஒரு வருஷத்துக்கு மேல குத்தகைன்னா 1908 பதிவுச் சட்டப்படி பத்திரம் ரிஜிஸ்டர் ஆகணும், இல்லன்னா நீங்க பார்த்துப் பார்த்து எழுதுன ஷரத்தை கோர்ட்டுல காட்டி நிரூபிக்க முடியாது. எழுதி முடிச்சதும் பேச்சுல இல்லாத ஒரு ஆள்கிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, அவரு எங்க முழிக்கிறாரோ அந்த வரியை மாத்துங்க.

சித்தப்பா இந்தத் தடவை மெஷின்காரர்கிட்ட வாட்ஸப்ல வாய்ஸ் வாங்கிட்டாரு: "கதிர்ல கத்தி பட்ட நேரத்திலேர்ந்து கணக்கு, சேத்துல மாட்டுனா அந்த நேரம் எங்களோடது." ரேட்ல மட்டும் மணிக்கு நூறு ரூபா ஏத்திட்டான்.