சூழ்ச்சிக்கார ராஜாவ பிள்ளைங்க முறியடிக்கிற படக்கதை: முதல் தடவை புத்தகம் செய்றவங்களுக்கு

சொந்தமா ஒரு படக்கதை புத்தகம் செய்யணும்னு ஆசை இருந்தும் எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாதவங்களுக்காக இத எழுதுறேன். நான் இருக்கிறது மலேசியாவுல, கெடா மாநிலத்துல பீடோங் பக்கம், சுத்தி ரப்பர், செம்பனை, அந்தப் பக்கம் ஜெராய் மலை, கொஞ்ச தூரத்துல பூஜாங் பள்ளத்தாக்கு, அதனால உதாரணம் எல்லாம் இங்க இருந்துதான் வரும், நீங்க உங்க ஊர்ல இருக்கிறத எடுத்துக்கோங்க.

முதல் படி: ராஜாவோட திட்டத்த எழுதுங்க

நிறைய பேர் கதாநாயகிக்கு பேர் வைக்கிறதுல இருந்து ஆரம்பிப்பாங்க, அது வேணாம், முதல்ல ராஜா என்ன செய்யப் போறான்னு அவன் பக்கத்துல இருந்து ஒரு தாள்ல எழுதுங்க. கெட்ட ராஜா வேற, சூழ்ச்சிக்கார ராஜா வேற. நம்ம கெடாவுலயே ராஜா பெர்சியோங் கதை இருக்குல்ல, சமையல் பண்றவங்க விரல் அறுபட்டு ரத்தம் கீரைக் குழம்புல விழுந்து அந்த ருசி பிடிச்சுப் போய் கோரைப்பல் முளைச்ச ராஜா, கடைசியில ஜனங்க எதிர்த்து எழுந்ததும் ஓடிப் போய் பல்ல வீசுன இடம்தான் பாலிங்னு பெரியவங்க சொல்வாங்க. அருமையான கதை, ஆனா அவன் பயங்கரமானவன், அவ்வளவுதான், அவன்கிட்ட திட்டம் எதுவும் கிடையாது. சூழ்ச்சிக்காரன் நல்லவன் மாதிரி சிரிச்சுக்கிட்டே வருவான், அவன் செய்ற ஒவ்வொரு வேலையும் தனியா பார்த்தா உதவி மாதிரியே இருக்கும், எல்லாத்தையும் சேர்த்து வச்சுப் பார்த்தாத்தான் விஷயம் புரியும்.

ஒண்ணு செஞ்சு காட்டுறேன். பால்வனம்னு ஒரு நாடு, அங்க உள்ள ரப்பர் மரத்துப் பால் இருட்டுல விளக்கு மாதிரி ஒளி விடும், ஊரே அந்த வெளிச்சத்துலதான் வாழுது. மகுடராயன்ங்கிற ராஜாவுக்கு அந்த நிலம் வேணும். சண்டை போட்டா ஜனங்க எதிர்ப்பாங்க, அதனால முதல்ல ஊர்ல உள்ள சேவல் எல்லாத்தையும் விருந்துக்குன்னு நல்ல விலை குடுத்து வாங்கிடுறான். அப்பறம் பெரட்டுக்கு, அதாவது காலையில வேலைக்குப் போறவங்கள கூட்டி பேர் எடுக்கிறதுக்கு, அடிக்க புதுசா பெரிய மணி ஒண்ண இலவசமா குடுக்குறான், அடிக்கிறது அவன் ஆளு, தினமும் கொஞ்சம் கொஞ்சமா லேட்டா அடிப்பான். ஜனங்க வெயில் ஏறுன பிறகு போய் மரம் வெட்டுறாங்க, அதாவது பட்டையச் சீவி பால் எடுக்குறாங்க, பால் கொறையுது, அப்ப சோகமா முகத்த வச்சுக்கிட்டு வந்து மரத்துக்கு சாபம் பட்டுருச்சு, பாவம் நீங்க, நிலத்த நானே வாங்கிக்கிறேன்னு சொல்றான். பௌர்ணமி அன்னிக்கு எல்லாரும் ஓலையில கைநாட்டு வைக்கணும்.

இதுல மந்திரம் கொஞ்சம்தான், மத்தது உண்மை. ரப்பர் மரத்துக்கு உள்ள ராத்திரியும் விடிகாலையும் தண்ணி அழுத்தம் அதிகமா இருக்கும், வெயில் ஏற ஏற இலை வழியா தண்ணி போயி அழுத்தம் கொறையும், பால் ஒழுகுறதும் கொறையும், அதான் நம்ம பாட்டிங்க இருட்டோட தலையில விளக்கக் கட்டிக்கிட்டு நெரைக்கு, அதாவது அவங்க வெட்டுற மரவரிசைக்குப் போனது. உண்மையான ஒரு விஷயத்து மேல சூழ்ச்சிய நிக்க வச்சா கதை ஆடாது.

இரண்டாம் படி: ஓட்டை தேடுங்க

எழுதுனத ஒரு எட்டு வயசுப் பிள்ளைகிட்ட சொல்லுங்க, உடனே கேட்கும், "சூரியன் வந்தா தெரியாதா?" கேள்வி சரிதான், சேவல் கூவலன்னா கூட வானம் வெளுக்குறது கண்ணுக்குத் தெரியுமே. இந்த மாதிரி இடத்துல எழுதுனத அழிக்காதீங்க, ஓட்டைய அடைக்கிற வழிய கதைக்குள்ளயே தேடுங்க. எங்க பக்கம் சுங்கை பத்துல பழங்காலத்து இரும்பு உலை எல்லாம் தோண்டி எடுத்துருக்காங்க, உலைக்குள்ள காத்து ஊதுற களிமண் குழாய் குவியல் குவியலா கிடைச்சுருக்கு. அத வச்சு மகுடராயன் மலையடிவாரத்துல உலை மூட்டி, குழாய் வழியா புகைய ஊதி, காலையில ஊர் முழுக்க பனிமூட்டம் மாதிரி மூடி வச்சுடுறான்னு வச்சா ஓட்டையும் அடைபடுது, வரையிறதுக்கு பிரமாதமான ஒரு இடமும் கிடைக்குது. உங்க ஊர்ல ஈயக்குட்டை இருக்கலாம், பழைய ரயில் பாலம் இருக்கலாம், போய்ப் பார்த்து ஸ்கெட்ச் போட்டுட்டு வாங்க.

மூன்றாம் படி: முறியடிக்கிற பிள்ளை

வள்ளின்னு வைப்போம். அவளுக்கு சக்தி எதுவும் வேணாம், அந்த ஊர்ல அவளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு விஷயம் இருந்தாப் போதும். கண்ணு தெரியாத அவ பாட்டி, குளிரு தொட்டாத்தான் மரம் வாய் திறக்கும்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. கூட ஒரு பேசுற சருகுமான் இருக்கட்டும், புகை எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிக்க அதோட மூக்கு உதவும். கடைசியில மந்திரவாள் ஒண்ணு வந்து ராஜாவ வெட்டிச்சுன்னு முடிச்சா அதுவரைக்கும் கட்டுனது எல்லாம் வீணாப் போகும். ரெண்டு பேரும் திருட்டுத்தனமா இருட்டுல ஒரே ஒரு நெரைய வெட்டி, பௌர்ணமி அன்னிக்கு கைநாட்டு வைக்க எல்லாரும் வரிசையில நிக்கிறப்ப நிறைஞ்ச பால்வாளிய ராஜா முன்னாடி கொண்டு வந்து வைக்கட்டும், அந்த வெளிச்சத்துல ஜனங்க ஒருத்தர் முகத்த ஒருத்தர் பார்க்கட்டும். கண்ணு முன்னால ஆதாரம் வந்துட்டா அதுக்கு மேல அந்தத் திட்டம் செல்லாது.

அதுக்கப்பறம் நிலம் யாருக்குங்கிறதயும் முடிவு பண்ணுங்க. இன்னொரு நல்ல ராஜாவ கொண்டு வந்து உட்கார வைக்கிறது எனக்குப் பிடிக்காது. பெரிய தோட்டங்கள துண்டு துண்டா வித்த தோட்டத் துண்டாடல் காலத்துல, 1960-ல அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு, தொழிலாளிங்க சேர்த்த காசுலயே தோட்டம் வாங்குனாங்க, அந்த வரலாறு நம்மகிட்ட இருக்கும்போது பால்வனத்து ஜனங்களும் நிலத்த சேர்ந்து வச்சுக்கிறதா முடிக்கலாமே.

நான்காம் படி: தாள மடிச்சு டம்மி (மாதிரிப் புத்தகம்) செய்ங்க

எட்டு ஏ4 தாள எடுத்து நடுவுல மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு வச்சா 32 பக்கம். அச்சகத்துல பெரிய தாள மடிச்சு வெட்டுறதால படக்கதைக்கு 32 பக்கம்ங்கிறது உலகம் பூரா வழக்கம், ரொம்ப நீளம்னு தோணுனா 24 வைங்க, ஆனா நாலால வகுபடணும். முதல் பக்கம் தலைப்பு, ரெண்டாவது பதிப்பு விவரம், மூணுல கதை ஆரம்பம், 4-5ல இருந்து 30-31 வரைக்கும் 14 விரிப்பு (புத்தகத்தத் திறந்தா எதிரெதிரா தெரியிற ரெண்டு பக்கம் ஒரு விரிப்பு), 32 தனிப் பக்கம். ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல கட்டைவிரல் அளவுக்கு படம் கிறுக்கி, என்ன நடக்குதுன்னு ஒரு வரி மட்டும் எழுதுங்க. கேள்வி வலது பக்கத்துல முடியணும், பதில் தாளத் திருப்புனாத்தான் வரணும்.

இங்கதான் படக்கதையோட உயிரே இருக்கு, கொஞ்சம் நின்னு படிங்க. எழுத்து சொல்லாதத படம் சொல்லணும். 4-5ல ஒவ்வொரு கூரை மேலயும் சேவல் நிக்கட்டும், அதப் பத்தி ஒரு வார்த்தை கூட எழுதாதீங்க. 8-9ல ராஜா விருந்து போடுறாரு, எழுத்துல சாப்பாடு மட்டும்தான் வரும், ஓரத்துல துணி போட்டு மூடுன கூண்டுல இருந்து ஒரு வால் இறகு எட்டிப் பார்க்கட்டும். 12-13ல கூரை எல்லாம் காலி. படிக்கத் தெரியாத தம்பிதான் முதல்ல கண்டுபிடிச்சு கத்துவான், படிச்சுக் காட்டுற அக்காவுக்கே அப்பத்தான் தெரியும், அந்த சந்தோஷத்த பிள்ளைகிட்ட இருந்து பிடுங்கிடாதீங்க.

ஐந்தாம் படி: வரையிறது

2பி பென்சில், தண்ணி பட்டா கலையாத கருப்பு மை பேனா, வாட்டர்கலர், 300 ஜிஎஸ்எம் கனமான தாள், இது போதும். மடிப்பு விழுற நடுவுல யாரோட முகமும் வரக்கூடாது. ஓரம் வரைக்கும் கலர் போகுதுன்னா நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் அதிகமா வரைஞ்சு விடுங்க, வெட்டும்போது வெள்ளைக் கோடு வராது. ஸ்கேன் 300 டிபிஐ.

ராஜாவ கருப்பா, அசிங்கமா வரையாதீங்க, தயவுசெஞ்சு. தமிழ்ப்பள்ளியில இதப் படிக்கப் போற பிள்ளைங்க பாதிப் பேரு மாநிறமும் கருப்பும்தான், அவங்க தோல் நிறத்த கெட்டவனுக்குக் குடுத்துட்டு வள்ளிய மட்டும் ரோஸ் கலர்ல போட்டா அந்தப் பிள்ளை மனசுல என்ன பதியும்? மகுடராயன் அழகா, சுத்தமா, எப்பவும் சிரிச்ச முகமா இருக்கட்டும், கண்ணு மட்டும் யாரையும் நேரா பார்க்க வேணாம்.

ஆறாம் படி: எழுத்து

விரிப்புக்கு மூணு நாலு வரி. மங்கு (பால் பிடிக்கிற கிண்ணம்), உளி (பட்டை சீவுற கத்தி), ஒட்டுப்பால் (காஞ்சு ஒட்டிக்கிட்ட பால்), நெரை எல்லாம் அப்படியே வைங்க, பக்கத்துலயே படம் இருக்கே, செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் புரிஞ்சுடும். யூனிகோட்ல டைப் பண்ணுங்க, முரசு அஞ்சல், செல்லினம் எதுவா இருந்தாலும் சரி, எழுத்து 18 பாயிண்டுக்குக் கீழ போக வேணாம். பக்கம் அமைக்கிற இன்டிசைன் மென்பொருள்ல தமிழ் ஒட்டுனதும் கொம்பு தனியா பிரிஞ்சு நின்னா அதுல உள்ள வேர்ல்ட்-ரெடி காம்போசருக்கு மாத்தி விடுங்க, சரியாயிடும். அச்சுக்கு முன்னாடி சத்தமா படிங்க, எங்க மூச்சு முட்டுதோ அங்க வரிய உடைங்க.

ஏழாம் படி: அச்சு

முதல்ல போட்டோஸ்டேட் கடையில புக்லெட் முறையில ரெண்டு பக்கமும் பிரிண்ட் போட்டு நடுவுல ஸ்டேப்லர் அடிச்சு ஒரே ஒரு பிரதி செய்ங்க, அத சின்னப் பிள்ளைங்க கையில குடுத்துட்டு நீங்க வாயத் திறக்காம பாருங்க, எந்தப் பக்கத்த வேகமா தாண்டுறாங்களோ அத மறுபடி வரையணும். திருத்துன பிறகு அச்சகத்துக்குப் போகலாம். விக்கிற எண்ணம் இருந்தா ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள எண்ண தேசிய நூலகத்துல விண்ணப்பிச்சு வாங்கிடுங்க, 1986 சட்டப்படி அச்சான புத்தகத்துல 5 பிரதி அவங்களுக்கு அனுப்பணும், அதனால எத்தனை அடிக்கிறதுன்னு கணக்குப் போடும்போதே அந்த அஞ்சையும் சேர்த்துக்கோங்க, பின்அட்டை கீழ்மூலையில பார்கோடுக்கும் இடம் விட்டு வரைங்க.