மலையில் தெரு ஓவியத் திருவிழா: முதலில் சுவரின் முதுகைப் பாருங்கள்

நான் குன்னூரில் பெயிண்டிங் மேஸ்திரி. கற்ற தொழில் போர்டு எழுதுவது. ஃப்ளெக்ஸ் வந்தபின் வீட்டுச் சுவர்களுக்கு மாறினேன். ஆறு வருடமாக எங்கள் பகுதிப் பிள்ளைகள் நடத்தும் தெரு ஓவியத் திருவிழாவுக்குச் சுவர் தயார் செய்து தருகிறேன். மூன்று நாள், ஏழெட்டுச் சுவர், தெருவே நின்று பார்க்க ஓவியர்கள் வரைவார்கள். படம் அவர்களுடையது. அது அடுத்த மழைக்கும் நிற்குமா என்பது என் பொறுப்பு. பக்கத்து ஊர்களிலிருந்து இதை நடத்த ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் கேட்பதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

வருகிறவர்களில் பாதிப் பேர் சென்னை கண்ணகி நகரிலோ கோவை உக்கடத்திலோ உள்ள பெரிய சுவரோவியங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன், அருமையான வேலை. ஆனால் அவை குடியிருப்பு அடுக்குகளின் பக்கச் சுவர்கள். முன்னாலும் பின்னாலும் காற்று, நாள் முழுக்க வெயில். நம் மலையில் தெருவோரம் கிடைக்கும் பெரிய சுவர் பெரும்பாலும் தடுப்புச் சுவர். அதன் பின்னால் இருப்பது வீடு அல்ல, மண். மண்ணுக்குள் தண்ணீர். அதனால் படத்தை முடிவு செய்துவிட்டுச் சுவர் தேடாதீர்கள். சுவரை முடிவு செய்துவிட்டுப் படத்தை யோசியுங்கள்.

திருவிழா பிப்ரவரியில் என்றால் சுவர் தேடும் வேலை நவம்பரில். மழைக்காலத்தில் எதற்கு என்று கேட்பார்கள். மழைக்காலத்தில்தான் சுவர் தன் குணத்தைக் காட்டும். மழை விட்ட இரண்டாவது நாள் காலையில் தெருவில் நடந்து பாருங்கள். மற்ற சுவரெல்லாம் காய்ந்திருக்க, ஒன்று மட்டும் இடுப்புயரத்துக்குக் கறுத்து நிற்கும். இன்னொன்றில் வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். வேறொன்றில் பாசி. எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். பிப்ரவரி வெயிலில் மூன்றும் ஒன்றுபோல நல்ல சுவராகத் தெரியும், ஏமாந்துவிடுவீர்கள்.

பாசி பிடித்த சுவரைப் பற்றிப் பயம் வேண்டாம். பத்து லிட்டர் தண்ணீரில் 200 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, கையுறை போட்டுக்கொண்டு பூசி, இருபது நிமிடம் விட்டு, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போய்விடும். உப்பு பூத்த சுவரில் முதலில் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்து, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். திரும்பப் பூத்தால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். உள்ளிருந்து ஈரம் ஊறி ஓதம் காக்கும் சுவரிலும் அப்படித்தான்.

ஓதமா, வெறும் பனிமூட்ட ஈரமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. ஒன்றரை அடிச் சதுரத்துக்குப் பழைய பாலிதீன் தாளை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு பகல், ஓர் இரவு விடுங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்து முத்தாக நின்றால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது இரவுப் பனி, பரவாயில்லை.

தடுப்புச் சுவரில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் வடிவதற்காக இடையிடையே குழாய்த் துளைகள் விட்டிருப்பார்கள். படத்துக்கு இடைஞ்சல் என்று அவற்றை அடைக்கவே கூடாது. முதல் வருடம் நான் அந்தத் தப்பைச் செய்தேன். வழவழப்பான சுவர் வேண்டும் என்று ஓவியர் கேட்டார், பூசிக் கொடுத்துவிட்டேன். பதினான்கு அடி அகலத்துக்கு நீலகிரி ஈப்பிடிப்பான் ஒன்றை வரைந்தார். தெருவே கொண்டாடியது. ஜூலையில் பறவையின் வயிறு புடைத்தது, ஆகஸ்டில் தோலோடு உரிந்து விழுந்தது. படம் போனதைவிட எனக்குப் பயம் வேறு. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை இங்கே யாரும் மறக்கவில்லை. தேங்கிய தண்ணீர் சுவரையே தள்ளிவிடும். உளி எடுத்துப் போய் எல்லாத் துளைகளையும் நானே திறந்துவிட்டேன். இப்போது வருகிற ஓவியர்களிடம் துளைகளின் அளவும் இடமும் குறித்த படத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறோம். ஒருவர் அந்தத் துளைகளையே மரங்கொத்திப் பொந்துகளாக மாற்றினார். மழைக்காலத்தில் பொந்திலிருந்து தண்ணீர் சொட்டுவது அவ்வளவு அழகு.

பழைய பங்களா மதில்கள் வேறு கதை. சிமெண்ட் வருவதற்கு முந்தைய சுண்ணாம்புக் காரை அது. உள்ளங்கையால் தேய்த்தால் மாவாக ஒட்டும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால் சுவர் மூச்சுவிட முடியாமல் காரையோடு சேர்த்து உதிர்த்துவிடும். காவி, மஞ்சள் ஆக்சைடு போன்ற பொடிகளைச் சுண்ணாம்பில் கலந்து வரையத் தெரிந்த ஓவியர் இருந்தால் அவரிடம் கொடுங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள்.

நாள் குறிப்பதைப் பார்ப்போம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு, குன்னூருக்கு இதுதான் பெரிய மழை. ஜனவரியில் சுவர் இன்னும் குளிர்ந்திருக்கும், ஊட்டிப் பக்கம் உறைபனியே விழும். ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்குமேல் கோடை மழை, சிம்ஸ் பூங்கா பழக் கண்காட்சிக் கூட்டம், ரோட்டில் நிற்கவே இடம் இருக்காது. பிப்ரவரி பின்பாதிதான் சரி. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வும் அப்போது தொடங்கியிருக்காது.

அனுமதிக்கு இரண்டு மாதம் ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1959இலிருந்தே இருக்கிறது. நல்ல படம்தானே என்று வாய்ப்பேச்சில் ஆரம்பிக்க வேண்டாம். வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம், நகராட்சியில் அனுமதி, ரோட்டோரம் என்றால் காவல் நிலையத்தில் கடிதம். தடுப்புச் சுவர் யாருடையது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே தெருவில் ஒன்று நகராட்சியுடையதாகவும் அடுத்தது நெடுஞ்சாலைத் துறையுடையதாகவும் இருக்கும். வெலிங்டன் பக்கம் போனால் ராணுவக் கண்டோன்மென்ட். மலை ரயில் பாதைச் சுவர்களை நாங்கள் கேட்பதே இல்லை, அது 2005இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். வெளியூர் ஓவியர் சொந்த வண்டியில் வந்தால் இ-பாஸ் எடுக்கச் சொல்லுங்கள். 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயம். மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில் வந்தால் தேவையில்லை.

சரி, பெயிண்ட் கணக்கு. இருபது அடி அகலம், பன்னிரண்டு அடி உயரம் என்று வையுங்கள், 240 சதுர அடி. சொரசொரப்பான சுவருக்கு பிரைமர் மூன்று லிட்டர். அதன்மேல் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு ஐந்து லிட்டர். படத்துக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர். புதிதாகப் பூசிய சுவர் என்றால் சமவெளியில் 28 நாள் விடுவார்கள், நான் இங்கே நாற்பது விடுவேன். பட்டி பார்க்கும்போது வெளிச்சுவருக்கான பட்டியா என்று பையில் படித்துப் பாருங்கள். உள்சுவர்ப் பட்டி நம் பனிக்குத் தாங்காது. காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தூசி தட்டிவிடுங்கள்.

நிறத்தில் இங்கே ஒரு தந்திரம் உண்டு. குன்னூர் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்கிறதே தவிர, புற ஊதாக் கதிர் கீழே இருப்பதைவிட இங்கே கடுமை. ஸ்டெய்னர் (வெள்ளைப் பெயிண்டில் கலக்கும் நிறத் திரவம்) பாட்டில்களில் பளீரென்ற சிவப்பும் ரோஸும்தான் முதலில் வெளுக்கும். ரெட் ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு, கறுப்பு, அம்பர் என்னும் மண் பழுப்பு ஆகியவை வருடக்கணக்கில் நிற்கும். படத்தின் எலும்பை இந்த நிறங்களில் வைத்து, பளீர் நிறங்களைத் திரும்பத் தொட்டுச் சரிசெய்யக்கூடிய உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒரு லிட்டருக்கு 40 மில்லிக்கு மேல் ஸ்டெய்னர் ஊற்றக் கூடாது. ஊற்றினால் காய்ந்தபின்னும் கையில் ஒட்டும்.

படத்தைச் சுவருக்கு ஏற்ற, நாங்கள் போர்டு எழுதிய காலத்தில் தூக்குக் குண்டு விட்டு, காவிப்பொடி தடவிய நூலைத் தட்டி, அடிக்கு அடி கட்டம் போடுவோம். இன்றைய ஓவியர்கள் சுவர் முழுக்கக் கிறுக்கலாக எழுத்துகளும் வட்டங்களும் போட்டு, போனில் படம் எடுத்து, அதன்மேல் தங்கள் படத்தை வைத்துப் பார்த்து வரைகிறார்கள். நம் தெருக்களுக்கு இது நல்ல முறை. புரொஜெக்டருக்குப் பின்னால் நகர இடம் வேண்டும், நம் தெருவோ பன்னிரண்டு அடி. எதிர்வீட்டு மாடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கோடு போட்டதும் ஓவியரை டவுன் பஸ்ஸில் ஏற்றி அந்த வழியாக ஒருமுறை கூட்டிப்போங்கள். நம் ஊர்க்காரர்கள் இந்தச் சுவரை நேராக நின்று பார்ப்பது குறைவு, வளைவில் சாய்வாகத்தான் பார்ப்பார்கள்.

சாரத்துக்குக் கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு இங்கே தாராளமாகக் கிடைக்கும். சரிவான தரையில் கல்லை அடுக்கி முட்டுக் கொடுப்பதை நான் அனுமதிப்பதில்லை. கால்களைச் சரிவுக்கு ஏற்ற நீளத்தில் வெட்டி, பலகைமேல் நிறுத்த வேண்டும். பத்தடிக்கு மேல் ஏணி வேண்டாம், சாரமும் இடுப்புக் கயிறும்தான். சாயங்காலம் காட்டெருமைகள் இறங்கி வரும் வழியில் சாரம் நிற்கக் கூடாது. அவை எந்தச் சந்தில் போகும் என்று அந்தத் தெருக் கடைக்காரரைக் கேளுங்கள். இரவில் தின்பண்டம் எதையும் சாரத்தடியில் விடாதீர்கள், கரடி வரும். குரங்குகளுக்காக டப்பாக்களை இறுக மூடிவிடுங்கள்.

வரையும் நேரம் காலை ஒன்பதரை முதல் மூன்று மணி வரை. உள்ளங்கையைச் சுவரில் வையுங்கள். சில்லென்று வழுக்கினால் இன்னும் நேரம் வரவில்லை. கீழே ஒரு மணி நேரத்தில் காயும் கோட்டுக்கு இங்கே மூன்று மணி ஆகும். மூன்றரைக்குப் பனிமூட்டம் ஏறும்போது ஓவியருக்குக் கை நிற்காது, இன்னும் ஒரு ஓரம் மட்டும் என்பார். அன்பாகச் சொல்லி இறக்கிவிடுங்கள். அப்படியும் தாமதமானால் மறுநாள் காலை நத்தை ஊர்ந்ததுபோலப் பளபளப்பான கோடுகள் வழிந்திருக்கும். பெயிண்டிலிருக்கும் சோப்புத் தன்மையுள்ள பொருள் வெளியே வந்தது அது. மேலே பெயிண்ட் பூசி மறைக்காதீர்கள். பெயிண்ட் நன்றாகக் காய்ந்ததும் வெறும் தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போய்விடும்.

ஜனங்கள் பார்க்க வரைவதில் ஒரு பெரிய நன்மை உண்டு. மூன்றாம் வருடம் ஒரு தம்பி கொழுந்து பறிக்கும் பெண்ணை வரைந்துகொண்டிருந்தார். எஸ்டேட்டில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்த அக்கா ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, இரண்டு இலை வரைஞ்சிருக்கீங்க, நடுவுல மொட்டு எங்கே? படங்கு கட்டாம எந்தப் பொம்பளை செடிக்குள்ள இறங்குவா?" என்று கேட்டார். தம்பி இறங்கி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, இடுப்பில் கட்டும் தடித்த துணியான படங்கை வரைந்தார், மொட்டையும் வைத்தார். அந்த அக்கா இன்றுவரை அந்தச் சுவரில் யாரையும் போஸ்டர் ஒட்ட விடுவதில்லை. அதனால் கயிறு கட்டிக் கூட்டத்தைத் தூரத் தள்ளாதீர்கள். பஸ் திரும்பும் பக்கம் மட்டும் கயிறு போதும். சுவரோரம் இரண்டு பெஞ்சு போடுங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் வையுங்கள், மாவட்டத்தில் சிறிய பாட்டிலுக்கும் பிளாஸ்டிக் கப்புக்கும் தடை.

மலை மக்களின் கலையைச் சுவரில் வைக்க விரும்புகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். தோடர்களின் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறும்பர்கள் மண்ணையும் இலைச்சாற்றையும் வேங்கைப் பிசினையும் கொண்டு வரைகிறவர்கள், கோத்தகிரிப் பக்கத்துப் பாறைகளில் பழைய ஓவியங்களும் உண்டு. அந்த வடிவங்களை இணையத்தில் பார்த்து நகல் எடுக்காதீர்கள். வரைகிறவர்களையே அழைத்து, மற்ற ஓவியருக்குத் தரும் அதே சம்பளத்தைக் கொடுத்து, அவர்கள் விரும்பியதை வரையச் சொல்லுங்கள்.

பிரஷ் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். இங்கே ஊற்றுவது குன்னூர் ஆற்றோடு கீழே பவானிக்குப் போகிறது. ஒரு டிரம்மில் சேர்த்து, கொஞ்சம் படிகாரம் கரைத்துவிட்டால் மறுநாள் வண்டல் அடியில் தங்கும். தெளிந்ததை அடுத்த கழுவலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள், வண்டலைக் காயவைத்துக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

கடைசி நாள் டப்பாக்களைத் தூக்கி எறிவதற்கு முன், ஒவ்வொரு நிறத்திலும் 100 மில்லியைச் சிறு பாட்டிலில் ஊற்றி, எந்தச் சுவர், எந்த இடம் என்று எழுதி ஒட்டி, பக்கத்துக் கடைக்காரரிடம் கொடுத்து வையுங்கள். அடுத்த ஜனவரியில் அதை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எங்கள் தெரு டீக்கடைப் பரணில் இப்போது நாற்பத்திரண்டு பாட்டில் இருக்கிறது.