மரத்தடி மண்ணை மழைநீர் குடிக்கச் செய்வது எப்படி? தரை வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர்கள் இதை மாமாவுக்கோ சித்திக்கோ அனுப்பிவிடலாம். பின்பக்கம் நாலு மரமும் கொஞ்சம் மண் தரையும் உள்ள தரை வீட்டுக்காரர்களுக்காக எழுதுவது.

சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. இங்கே கழிவுநீருக்குத் தனிக் குழாய், மழைநீருக்குத் தனிக் கால்வாய். அதனால் வீட்டோர லோங்காங்கில் (மழைநீர் வடிகாலில்) இறங்கும் மழை பெரும்பாலும் 17 நீர்த்தேக்கங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போய்ச் சேர்கிறது. காலாங் ஆற்றில் விழுவது மரினா நீர்த்தேக்கத்துக்கு. நம் தோட்டத்து மண்ணும் உரமும் அதே வழியில்தான் போகும். தண்ணீர் கொஞ்சம் தாமதமாக, தெளிவாக வெளியேற வேண்டும். நம் வேலை அவ்வளவுதான்.

1. முதலில் மழையில் நின்று பாருங்கள்

நல்ல மழையில் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வாருங்கள். இடி மின்னல் இருந்தால் வேண்டாம், சன்னல் வழியாகவே பாருங்கள். கூரைக் குழாய் எங்கே கொட்டுகிறது, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே லோங்காங்கில் விழுகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். விழும் தண்ணீரின் நிறம் முக்கியம். தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் இருந்தால் மேல்மண் கரைந்து போகிறது என்று அர்த்தம்.

2. மண் எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது?

மழையில்லாத நாளில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். வெட்டும்போதே பாதி பதில் தெரிந்துவிடும். செங்கல் துண்டும் சிமென்ட் கட்டியும் கிடைத்தால் அது வீடு கட்டியபோது கொட்டி அமுக்கிய மண். குழியை ஒரு தடவை நிரப்பி வடிய விடுங்கள். மறுபடி நிரப்பி, அளவுகோல் ஒன்றைச் செருகி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல் என்றால் நல்லது. 1 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் நான்காவது படியை விட்டுவிடுங்கள். மூன்றாவது மட்டுமே போதும்.

3. இலையைக் கூட்டி அள்ளாதீர்கள்

என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான வேலை. செலவும் இல்லை. மரத்தடியைப் பளிச்சென்று வைப்பது நம் ஆட்களுக்கு ஒரு பெருமை. ஆனால் வெறும் மண்ணில் மழைத்துளி நேராக அறைந்தால் நுண்ணிய மண் சிதறி, மேலே இருக்கும் சிறு துளைகளை அடைத்துவிடும். அப்புறம் சிமென்ட் தரைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. மேலே இலை கிடந்தால் துளியின் வேகம் அதிலேயே அடங்கிவிடும். இலை மக்கும்போது மண்புழு வரும், அது போகும் வழியெல்லாம் தண்ணீரும் இறங்கும்.

இலைப் போர்வை 5 முதல் 8 செ.மீ. தடிமன் இருந்தால் போதும். அடிமரத்தை ஒட்டிக் குவிக்காதீர்கள், பட்டை அழுகிவிடும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டியும் வேண்டாம், கரையான் வரும். மா, பலா இலைகளைக் கொஞ்சம் நறுக்கிப் போட்டால் சீக்கிரம் மக்கும். கிண்ணம் போல வளைந்து தண்ணீர் பிடிக்கும் பெரிய மட்டைகளை எடுத்துவிடுங்கள், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அந்த அளவு தண்ணீரே போதும்.

இலைக்கு மேல் ஓர் அடுக்கு செடி இருந்தால் இன்னும் நல்லது. நிழலில் பெரணி, பாண்டான், இஞ்சி வகைகள் வரும். வெயில் படும் சரிவில் வெட்டிவேர். அதைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நெருக்கி நடுங்கள். மேலிருந்து கீழாக நட்டால் பயனில்லை. செடி வைக்கும்போது மரத்தின் தடித்த வேரை வெட்டாதீர்கள், பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடுகின்றன.

4. ஒரு சிறு பள்ளம்

சின்னக் கணக்கு: 50 சதுர மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை பெய்தால் 2,500 லிட்டர். அத்தனையும் தோட்டத்தில் தேங்காது, தேங்கவும் தேவையில்லை. முதல் வேகத்தைப் பிடித்தாலே போதும். 10 சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழப் பள்ளம் 1,500 லிட்டர் பிடிக்கும்.

வீட்டிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி, மரக்கிளை விரிந்த எல்லைக்கு வெளியே வெட்டுங்கள். தரைக்கடியில் எரிவாயுக் குழாய், மின்கம்பி போகிறதா என்று முதலில் விசாரியுங்கள். தடுப்புச் சுவர் உள்ள மேட்டு நிலமாக இருந்தால் பொறியாளரைக் கேட்காமல் மண்வெட்டியைத் தொடாதீர்கள், ஊறிய மண் சுவரைத் தள்ளும். நிரம்பியது லோங்காங்குக்குப் போக ஒரு வழி விட்டு, அந்த வாயில் கூழாங்கல் போடுங்கள். உள்ளே கல்வாழை நன்றாக வரும்.

24 மணி நேரத்தில் தண்ணீர் வற்ற வேண்டும். வற்றாவிட்டால் மண்ணும் மணலும் கலந்து மூடிவிடுங்கள், டெங்கி விஷயத்தில் விளையாட்டு வேண்டாம்.

5. உரமும் அரிவாளும்

மழை கறுத்து நிற்கும்போது உரம் போடாதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை குறைத்தே போடுங்கள். கரைந்து போகும் சத்து நீர்த்தேக்கத்தில் பாசியை வளர்க்கும்.

மரம் வெட்டுவதென்றால் ஒரு விஷயம். சொந்த நிலமாகவே இருந்தாலும், மரப் பாதுகாப்புப் பகுதிக்குள் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்ட தேசிய பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளப்பார்கள். உங்கள் தெரு அந்தப் பகுதிக்குள் வருகிறதா என்று கழகத்திடம் கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.