பனியன் கம்பெனியில் குழந்தைகள் காப்பகம் கேட்டு வாங்குவது எப்படி?

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ இருக்கிறவர்களுக்கு இது தேவைப்படாது. தேனியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ திருப்பூருக்கு வந்து, அனுப்பர்பாளையம் பக்கம் லைன் வீட்டில் குடியிருந்து, புருஷனும் பொண்டாட்டியும் எட்டரைக்கெல்லாம் கம்பெனிக்கு ஓடுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் செக்கிங்கில், அதாவது தைத்து வந்த துணியில் குறை பார்க்கும் வேலையில் இருந்தவள். 2019இல் மூத்தவனுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது மேனேஜரிடம் போய், புள்ளைங்களை விட ஒரு ரூம் கொடுங்கள் என்று கேட்டேன். "அம்மிணி, நம்மகிட்ட பொம்பளைங்க முப்பது பேரு எங்க இருக்காங்க?" என்றார். எண்ணிப் பார்த்தால் இருபத்தாறுதான். சரி, சட்டமே அப்படித்தான் போல என்று வந்துவிட்டேன்.

அவர் சொன்னது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் கணக்கு. அதன் 48ஆவது பிரிவுதான் முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017இல் ஒரு திருத்தம் வந்து, 11ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஐம்பது பேர் வேலை செய்தாலே காப்பகம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. பெண்கள் மட்டும் ஐம்பது பேர் என்று அதில் இல்லை. 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் 67ஆவது பிரிவாக இதே விஷயம் இருக்கிறது. ஆண்களையும் சேர்த்தால் எங்கள் கம்பெனியில் எழுபத்தொரு பேர்.

அதனால் முதல் வேலை தலைகளை எண்ணுவது. டெய்லர், அவருக்குக் கூட இருந்து உதவும் கைமடி, கட்டிங், அயர்ன், பேக்கிங், ஆபீஸ் எல்லாரையும் எண்ணுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு பெயர்ப்பலகை மாட்டியிருந்தால் உங்கள் இ.எஸ்.ஐ.யும் பி.எஃப்.பும் எந்தப் பெயரில் போகிறது என்பதையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இது வேற கம்பெனி, ஐம்பது பேர் இல்லை என்று பின்னால் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். அப்புறம் குழந்தைகளின் கணக்கு. மத்திய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஆறு மாதத்திலிருந்து ஆறு வயது வரை என்கிறது, தினக்கூலிக்கும் கான்ட்ராக்டில் வருகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். அப்பாக்கள் பெயரையும் எழுதுங்கள். கட்டிங் மாஸ்டரும் கையெழுத்துப் போட்ட கடிதத்தை அவ்வளவு லேசாகக் குப்பையில் போட முடியாது.

தனியாகப் போய் வாயால் கேட்காதீர்கள், நான் செய்த தப்பே அதுதான். ஒரு பக்கக் கடிதம் போதும். "நம் நிறுவனத்தில் ஐம்பது பேருக்கு மேல் பணிபுரிகிறோம். எங்கள் குழந்தைகளின் பெயரும் வயதும் கீழே உள்ளன. சட்டப்படி குழந்தைகள் காப்பகம் அமைத்துத் தரவும், அது எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறோம்." இவ்வளவுதான். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஆபீஸ் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை தர மறுத்தால் ஸ்பீட் போஸ்ட். காப்பகம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்ற கேள்வியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். சீசனில் ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டும் ஊரில் ஐந்தரைக்குப் பூட்டுகிற காப்பகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இடமில்லை என்பார்கள். கம்பெனிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பக்கத்து நாலு கம்பெனிகளோடு சேர்ந்து ஒரே காப்பகமாகவும் நடத்தலாம். வழிகாட்டுதல் ஐந்நூறு மீட்டருக்குள் என்கிறது. காப்பகம் வந்த பிறகு அம்மா ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவர விட வேண்டும், டீ டைமும் சாப்பாட்டு நேரமும் இந்த நாலுக்குள் அடக்கம். ஆனால் பீஸ்ரேட்டில் தைக்கிறவர்கள் இரண்டு முறைக்கு மேல் எழுந்திருக்க மாட்டார்கள், ஒவ்வொரு முறையும் கூலி போகிறதே. ஷிஃப்ட் சம்பளத்துக்கு மாற வழி இருந்தால் குழந்தை கொஞ்சம் வளரும்வரை மாறிக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ரூம் காட்டினால் உடனே சந்தோஷப்படாதீர்கள். நான் பார்த்த ஒரு கம்பெனியில் சுவரில் முயலும் யானையும் வரைந்து, தொட்டில் கட்டி, சரக்கு வாங்குகிற பையர் ஆடிட்டுக்கு வரும் அன்றைக்கு மட்டும் திறப்பார்கள். மற்ற நாளில் கதவைத் தள்ளினால் பேக்கிங் அட்டைப்பெட்டி கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும், தொட்டிலுக்குள் டேப் ரோல் கிடக்கும். மூன்று வயதுக்குக் கீழே பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். ஆயா பெயர் என்ன, எத்தனை மணிக்கு வருகிறார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் திணறினால் விஷயம் புரிந்துவிடும்.

கடிதத்துக்குப் பதிலே இல்லையா? தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்கக ஆபீசில், அதாவது நாம் பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் என்கிறோமே, அங்கே அந்த முத்திரைப் பிரதியோடு மனுக் கொடுங்கள். பல்லடம் ரோடு கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம். லீவு போட முடியாதென்றால் முதல்வர் உதவி மைய எண்ணான 1100க்குப் போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு மனு வரை போக வேண்டியிருந்தது. ரூம் வந்தபோது மூத்தவன் பள்ளிக்கூடம் போய்விட்டான், சின்னவளுக்குத்தான் உதவியது.

பவர் டேபிளில், அதாவது பத்திருபது மெஷின் போட்டுக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் சின்ன இடத்தில் வேலை என்றால், ஐம்பது பேர் இருக்க மாட்டார்கள், இந்தச் சட்டம் கைகொடுக்காது. அப்போது அங்கன்வாடிதான். இரண்டு வயது முடிந்திருந்தால் சேர்க்கலாம், மதியச் சாப்பாடும் வாரம் மூன்று முட்டையும் உண்டு, அதற்குக் கீழே இருந்தால் சத்துமாவு வீட்டுக்குக் கிடைக்கும். வெளியூர்க்காரர்கள் ரேஷன் கார்டு ஊரில் இருக்கிறதே என்று தயங்குகிறார்கள், முதலில் குழந்தையோடு நேரில் போய்க் கேளுங்கள். சாயங்காலம்தான் சிக்கல், உங்கள் ஷிஃப்ட் முடிவதற்கு முன்பே மூடிவிடுவார்கள். பால்னா என்ற மத்திய அரசுத் திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் உண்டு. உங்கள் பகுதியில் இருக்கிறதா என்று அங்கன்வாடி டீச்சரிடமோ குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமோ கேளுங்கள். இல்லையென்றால், வேண்டும் என்று ஒரு மனு அங்கேயும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.